கதையை விளக்காதீங்க அண்ணாச்சி

எட்டு ஐம்பதுக்கு அண்ணாச்சியை உள்ளே கொண்டுபோனார்கள். இப்போது ஒன்பது இருபது. அரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறது என்று சுவர்க்கடிகாரம் சொல்கிறது, எனக்கு நம்பிக்கை வரவில்லை, செல்போனை எடுத்துப் பார்க்கிறேன், அதுவும் அதையேதான் சொல்கிறது. பக்கத்து நாற்காலியில் வடிவு மதினி ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூடைக்குள் தவசிக்கனி அண்ணாச்சி கழற்றிக்கொடுத்த வேட்டி, சட்டை, மூக்குக்கண்ணாடி, அவருடைய செல்போன். மதினி அவருடைய மனைவி. நான் யார். காலையில் ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு நர்ஸ் கேட்டாள், பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும் என்று. நான் முழித்தேன். மதினிதான் தங்கச்சின்னு எழுதும்மா என்றார். கதைப் புத்தகங்களைப் பற்றி வலைப்பூவில் எழுதுகிறவள் என்று போடுவதற்கு ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் இடமில்லை. உள்ளே அவருடைய குரல்வளையில் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி எடுத்தால் போதும் என்று பெரிய டாக்டர் நேற்று சொன்னார், பாதி மிஞ்சினால் கரகரவென்றாவது பேச்சு வந்துவிடும் என்றார். முழுசா எடுக்க வேண்டி வந்தா என்று மதினி கேட்டார். பாதிதாம்மா என்றார் அவர். பாதி, பாதி என்று நேற்றிலிருந்து நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜெபம் பண்ணுகிறவர்கள் முழுதாகக் கேட்பார்கள். நான் பாதிக்கு மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் குரலை அதிகம் கேட்டவள் நான்தான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மதினி முப்பது வருஷம் கேட்டிருக்கிறாரே என்றால், மதினிக்கு அவர் கதை படித்துக் காட்டியதில்லை. எனக்குக் காட்டினார். சங்கரன்கோவிலில் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார், அதனால் ஆறே முக்காலுக்கே போன் வரும். ஏ ஜெபா, முழிச்சிட்டியா, ஒரு நாலு பக்கம் இருக்கு, கேக்கியா. பாளையங்கோட்டையில் நான் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் போனைச் சாத்தி வைத்துக் கேட்பேன். பதிமூன்று வருஷமாக அவருடைய எந்தக் கதையும் அச்சுக்குப் போவதற்கு முன்னால் என் அடுப்படியில்தான் முதலில் கேட்டது. தோசை கருகினால் கதை தேறிவிட்டது என்று அவராகவே ஒன்று வைத்திருந்தார். என்ன, கருகிச்சா என்று கேட்பார். கருகல அண்ணாச்சி என்றால் போனை வைத்துவிடுவார், மறுநாள் அதே நாலு பக்கம் வேறு மாதிரி வரும். முதல் புத்தகத்தை அவர் முந்நூறு பிரதி அச்சடித்து, கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். எலிக்குப் போக மிஞ்சியதில் ஒன்று எப்படியோ ஜங்ஷனில் பழைய புத்தகக் கடைக்கு வந்து என் கையில் சிக்கியது. அதைப் பற்றி எழுதினேன். 'மடித்த நுனி' என்று என் வலைப்பூவுக்குப் பெயர், அப்போது அதைப் படித்தது மிஞ்சிப்போனால் பன்னிரண்டு பேர். ஒரு வாரம் கழித்துப் பதின்மூன்றாவது ஆள் வந்து அடியில் எழுதியிருந்தார்: இந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்த முதல் ஆள் நீங்கள், இப்படிக்கு எழுதியவன். அதன் பிறகு நான் எழுதியதைப் பார்த்துத்தான் மதுரையிலிருந்து பதிப்பாளர் தேடிக்கொண்டு வந்தார், இரண்டாம் புத்தகம் வந்தது, மூன்றாவது வந்தது. எந்த மேடையில் ஏற்றினாலும் இந்தப் பிள்ளை இல்லன்னா நான் போஸ்ட் கம்பத்தோடயே இருந்திருப்பேன் என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். பிடித்தும் இருக்கும்.

ஒன்பது ஐம்பது. எதிரே ஒரு அம்மாள் மருமகனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து. இனிமேல் அண்ணாச்சியும் இப்படித்தானோ. இல்லை, பாதி இருக்கும். என் கணவன் தாமஸ் என்னை விட்டுப் போன வருஷம் நான் வலைப்பூவைப் பூட்டிவிட்டேன், ஐந்து மாதம் ஒரு வரி எழுதவில்லை, ஆபீசுக்குப் போவேன், வந்து படுப்பேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து, சனிக்கிழமை தவறாமல் சங்கரன்கோவில் பஸ் டிரைவர் கையில் ஒரு பார்சல் வரும், உள்ளே ஒரு புத்தகம், கூடவே மின்வாரியச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி, இதைப் படிச்சிட்டு நல்லாத் திட்டி எழுது. ஆறுதல் ஒன்றும் சொல்ல மாட்டார். எட்டு வாரம் பார்த்தேன், ஒன்பதாவது வாரம் வந்த புத்தகம் உண்மையிலேயே கேவலமாக இருந்தது, பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து திட்டினேன். ரெண்டாயிரம் வார்த்தை. அப்படித்தான் பிழைத்தேன். நான் வாயைத் திறக்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறந்து சொல்லியும் எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்துக்குத்தான் வந்து வந்து முட்டுகிறேன், எந்தப் பக்கமாகப் போனாலும் இங்கே கொண்டுவந்து விடுகிறது. மதினி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்குகிற மாதிரி கண்ணை மூடியிருக்கிறார், தூங்கவில்லை.

ஜனவரியில் படித்துக் காட்டினார். ஒரு லைன்மேன், தொண்டையில் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் கதை. முதலில் தண்ணீர் குடித்து இறக்குகிறான், பிறகு ரசத்தை ஊற்றிப் பிசைந்து குடிக்கிறான், வேலை முடிந்து கம்பத்திலிருந்து இறங்கும்போது கீழே நிற்கிறவன் பெயரைக் கூப்பிடுகிறான், சத்தம் வரவில்லை. படிக்கும்போது அவருக்கே குரல் கம்மியிருந்தது. நான் என்ன சொன்னேன். சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. இந்தக் கதைக்குக் குரல் இப்பிடித்தான் இருக்கணும் அண்ணாச்சி, பொருத்தமா இருக்கு. அன்றைக்குத் தோசை கருகியது. ஒன்றல்ல, இரண்டு. பத்திரிகையில் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன், 'விழுங்க முடியாத காலம்' என்று தலைப்பு, ஆயிரத்து இருநூறு வார்த்தை. இறங்காத சோறு என்பது நாம் தினமும் விழுங்கப் பழகிவிட்ட அவமானங்கள். வராத குரல் என்பது வாய் மூடிக்கொண்டிருக்கிற ஊர். இந்தக் கதையில் தொண்டை என்பது தொண்டை அல்ல. அந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம். எழுநூறு பேர் எடுத்துப் பகிர்ந்தார்கள். வலைப்பூவெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் போன் பண்ணினார்கள். ஏப்ரலில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கமே வைத்துவிட்டார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டுரை, தொண்டையும் அதிகாரமும், தொண்டையும் நிலமும், தொண்டையும் பெண்ணும். அண்ணாச்சி முதல் வரிசையில் பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். மதியம் பிரியாணி போட்டார்கள். அவர் வெறும் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். நான் பக்கத்தில் இருந்த பேராசிரியையிடம், பாருங்க, மனுசன் இன்னும் கதையை விட்டு வெளிய வரல என்று சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் இலையில் இரண்டு துண்டு கறி இருந்தது.

ஏப்ரலுக்கு முன்னால் மார்ச். மார்ச் பதினொன்று. அதை நினைக்கக் கூடாது என்று நினைப்பதிலேயே ஆறு மாதம் போய்விட்டது. காலை போன் வரவில்லை, வாட்ஸப்பில் எழுதியிருந்தார், அவர் எழுத்தில் அனுப்புவதே அபூர்வம். ஜெபா, அந்தக் கதை கற்பனை இல்லை. நிஜமாவே எனக்குத் தொண்டையில ஏதோ இருக்கு. மூணு மாசமா. என்ன செய்யலாம்னு தெரியல. நான் பதில் போட்டேன். கதையை விளக்காதீங்க அண்ணாச்சி. எழுதினவரே விளக்க ஆரம்பிச்சா கதை செத்துப்போகும். அவர் அதற்கு, சரிதான் என்று எழுதி ஒரு கும்பிடு போட்டார். முடிந்தது. அதற்குப் பிறகு ஜூலையில் வாஷ்பேசினில் ரத்தம் துப்பும் வரைக்கும் அவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. இதற்கு நான் என்னென்னவோ சமாதானம் வைத்திருக்கிறேன். ஆபீசில் மார்ச் மாதம் வேலை மென்னியைப் பிடிக்கும், அவசரத்தில் முதல் வரியை மட்டும் பார்த்துப் பதில் போட்டேன் என்று ஒன்று. பொய், நாலு வரியையும் படித்தேன், இரண்டு தடவை படித்தேன். எழுத்தாளர்கள் எல்லோரும் இப்படித்தான், கதை பெரிதாகிவிட்டால் அதைக் குறைத்துப் பேசுவார்கள், எல்லாம் சொந்த அனுபவம்தான் என்பார்கள், அந்தத் தன்னடக்கம் என்று நினைத்தேன் என்று இன்னொன்று. இதில் பாதி உண்மை. இன்றைக்கு எல்லாமே பாதி. மிச்சப் பாதியை இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொள்ள முடிகிறது. அந்த நாலு வரியைப் படித்தவுடன் எனக்கு ஒரு பயம் வந்தது, அது அவருக்காக வந்த பயம் இல்லை. தொண்டை வெறும் தொண்டை என்றால் என் ஆயிரத்து இருநூறு வார்த்தையும் போச்சு. எழுநூறு பேர் போச்சு. கருத்தரங்கம் அடுத்த மாதம் இருந்தது, எனக்குப் புதுச் சேலை எடுத்திருந்தேன். என் கட்டுரையைக் காப்பாற்ற அவர் வாயை அடைத்தேன். நான் எழுதிய பதில் அவ்வளவுதான், அதற்குள் ஒரு குறியீடும் கிடையாது.

பத்தே முக்கால். கூடைக்குள் அவர் செல்போன் கிணுகிணு என்கிறது. மதினி கண்ணைத் திறந்து எடுத்துப் பார்க்கிறார், என்னிடம் நீட்டுகிறார். “யாரோ என்னமோ போட்டிருக்காவ, பாரு.” வாங்கித் திறந்தேன். நேற்று நான் முகநூலில் அண்ணாச்சிக்கு ஆபரேஷன் என்று எழுதியிருந்தேன், அதற்கு வந்த ஆறுதல்கள். தனக்கு வரப்போவதை முன்கூட்டியே கதையில் கண்டுவிட்ட கலைஞன். தீர்க்கதரிசனம். கூடவே என் கட்டுரையை மறுபடி எடுத்துப் போட்டிருக்கிறார்கள், என்னையும் சேர்த்துப் பாராட்டி, எழுத்தாளரும் வாசகரும் இப்படி ஒருவருக்கொருவர் துணையாக அமைவது அபூர்வம் என்று. சீக்கிரம் குணமாகணும்னு எழுதியிருக்காங்க மதினி என்று திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டார். அவர் விரல் தவறி வாட்ஸப்பைத் திறந்து கொஞ்சம் தள்ளினால் மார்ச் வந்துவிடும். பாஸ்வேர்டு கிடையாது, அண்ணாச்சிக்கு அதெல்லாம் போடத் தெரியாது. மதினி எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். மதினி, ஒரு விசயம், மார்ச்சுல அண்ணாச்சி எனக்கு ஒரு மெசேஜ் போட்டாங்க. இல்லை, இப்படி ஆரம்பிக்கக் கூடாது. மதினி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இது சினிமா மாதிரி இருக்கிறது. இதையும் எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆபரேஷன் முடியட்டும், பாதியோடு வெளியே வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பாதி இருந்தால் சொல்வது சுலபம். அவர்கள் மகன் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், சாயங்காலம் ஆகும். இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட இருக்கணும், நீ வந்திரு ஜெபா என்று மதினிதான் போன் பண்ணினார். வேறு யாரையும் அவர் நினைக்கவில்லை. கேண்டீனிலிருந்து நான் வாங்கி வந்த இட்லியை அவர் தொடவில்லை, எனக்கும் ஒன்றும் இறங்கவில்லை, இறங்கவில்லை என்று நினைத்ததும் அந்தச் சொல்லே அருவருப்பாக இருந்தது, பொட்டலத்தை மூடி நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. தவசிக்கனி அட்டெண்டர் யாரு என்று கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் வரவில்லை, பச்சை உடுப்பில் ஒரு சின்ன வயது டாக்டர், முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு படபடவென்று பேசினார். “திறந்து பார்த்ததுல நாங்க நினைச்சதை விட அதிகமாப் பரவியிருக்கும்மா. பாதியோட நிறுத்துனா ஆபத்து. முழுசா எடுத்தாத்தான் உசுருக்கு நல்லது. ஏற்கெனவே போட்ட கையெழுத்து பாதிக்குத்தான். இதுல ஒண்ணு போட்டுக் கொடுத்துருங்க, சீக்கிரம்.” நர்ஸ் கையில் காகிதத்தையும் பேனாவையும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நர்ஸ் மதினியிடம் நீட்டினாள். மதினி அதை வாங்கி, பார்க்கக்கூட இல்லை, என்னிடம் கொடுத்தார்.

“என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு.”

ஒரு பக்கம், முழுவதும் இங்கிலீஷ். என் கண் அதன் மேல் ஓடியது, பழக்கதோஷம், இரண்டாவது வாக்கியம் தேவையில்லாமல் நீளம் என்று பட்டது, பட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. குரல்வளை முழுவதும் அகற்றப்படும். கழுத்தில் நிரந்தரமாக ஒரு துவாரம் வைக்கப்படும், நோயாளி அதன் வழியாக மூச்சு விடுவார். இயல்பான பேச்சு திரும்பாது என்பது எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது, புரிந்துகொண்டேன். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மென்மையாக்கவில்லை, எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

“அப்படின்னா?” என்றார் மதினி.

“அப்படின்னா இனிமே அண்ணாச்சியால பேச முடியாது மதினி.”

“கொஞ்சங்கூடவா?”

“பின்னால மெஷின் வச்சு என்னமோ பண்ணுவாங்களாம். அது இதுல போடல. அவுக குரல் வராது.”

“வேற ஒண்ணும் அர்த்தம் இல்லல்லா? நல்லாப் பாத்துட்டியா?”

“இல்ல மதினி. இதுக்கு வேற அர்த்தம் கிடையாது.”

மதினி நாற்காலியின் கைப்பிடியில் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். வடிவு என்று எழுத அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. நர்ஸ் வாங்கிக்கொண்டு போனாள். கதவு மூடியது. எடுக்கிறார்கள். இந்த நிமிஷம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆறே முக்கால் மணி என்று ஒன்று இனிமேல் இல்லை. மார்ச்சில் என்றால் பாதிகூட வேண்டியிருந்திருக்காது என்று நேற்று பெரிய டாக்டர் வாய்தவறிச் சொன்னார், கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தே சரிபண்ணியிருக்கலாம், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்.  கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வார்த்தைகள் மட்டும் எனக்கு இப்போதும் வரிசை கட்டி வருகின்றன. சொல்லிவிட வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்தேன். மதினி முந்திக்கொண்டார், என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மார்ச்சுல நாந்தான் அவுகள ஒனக்கு எழுதச் சொன்னேன். பொங்கல்லருந்து டாக்டர்ட்ட போங்க போங்கன்னு நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனேன். எம் பேச்ச எங்க கேட்டாவ. சரி, ஜெபாகிட்ட கேளுங்க, அவ படிச்ச பிள்ள, அவ சொன்னாக் கேப்பிய, அவ போகச் சொன்னாப் போங்கன்னு நாந்தான் பக்கத்துல உக்காந்து எழுத வச்சேன். ஒம் பதில் வந்துது. என்ன சொல்லுதான்னு கேட்டேன். ஒண்ணுமில்லையாம், எல்லாம் மனப்பிராந்தின்னு ஜெபா எழுதிருக்கான்னாவ. நானும் அத்தோட விட்டுட்டேன். அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.”

ஒண்ணுமில்லை என்று நான் எழுதவில்லை. மனப்பிராந்தி என்ற சொல்லையே நான் எழுதியதில்லை. டாக்டரிடம் போவதற்குப் பயந்த மனுசன் என் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், நான் எழுதாததை எழுதியதாகச் சொல்லி மதினியின் வாயை அடைத்தார். நான் அவர் வாயை அடைத்தேன், அவர் மதினி வாயை அடைத்தார். இப்போது நான் அப்படி எழுதலை மதினி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடைக்குள் சாட்சி இருக்கிறது, எடுத்துக் காட்டலாம். பாதிப் பழியாவது என் தலையிலிருந்து இறங்கும். ஆனால் முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் தன்னிடம் பொய் சொன்னார் என்று மதினிக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கே தெரிந்துவிடும், அவர் குரல் போகிற அதே மணி நேரத்தில். ஏன் சொன்னீங்க என்று கேட்டால் பதில் சொல்ல அவருக்கு இனிமேல் வாய் கிடையாது.

“அப்பிடித்தான எழுதுன நீ?” மதினி இப்போது என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“ஆமா மதினி. அப்பிடித்தான் எழுதினேன்.”

“எத வச்சு எழுதுன?”

“கதைய வச்சு.”

 மதினி கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய், ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார். அங்கே உட்கார நாற்காலி இல்லை.